கேளுங்கள், தேடித் தருகிறேன்

பல்கலைக்கழக நூலகத்தில் ரெஃபரன்ஸ் மேஜையில் முப்பத்தொரு வருஷம் உட்கார்ந்து ஓய்வுபெற்றவள் நான். இந்தப் பகுதிக்கு வழக்கமாகப் பழைய புத்தகங்களைப் பற்றித்தான் கேள்விகள் வரும். இந்த முறை தபாலைப் பிரித்தால், பாதிக்கு மேல் ஆய்வுக்கட்டுரை பற்றிய புலம்பல்! தீசிஸ் கொடுக்கும் பருவம் போலிருக்கிறது. அதனால் இந்த இதழ் முழுக்க மாணவர்களுக்கே.

கேள்வி: அம்மா, ப்ராஜெக்டுக்காகக் கூகுள் ஸ்காலரில் தூக்கம், ஞாபகம் என்று இரண்டு வார்த்தை போட்டுத் தேடினேன். லட்சக்கணக்கில் கொட்டுகிறது. முதல் பக்கத்தில் வந்த பத்துக் கட்டுரைகளையும் டவுன்லோடு செய்து வைத்திருக்கிறேன். எதிலிருந்து ஆரம்பிப்பது?
— முதுகலை உளவியல் மாணவி

பதில்: அந்தப் பத்தையும் இப்போதைக்குத் திறக்காதீர்கள். “தூக்கத்தைப் பத்தி ஏதாவது இருக்கா மேடம்?” என்று என் மேஜைக்கு வருகிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: “தூக்கத்தைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியணும்?” கொஞ்ச நேரம் விழிப்பார்கள். அப்புறம் மெதுவாக வரும்: “பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி முழுக்கக் கண் விழிச்சுப் படிச்சா, அது மறுநாள் மனசுல நிக்குமா?” இதுதான் கேள்வி. இதில் ஆள் இருக்கிறது, அவர் செய்த காரியம் இருக்கிறது, நாம் அளக்க வேண்டிய விளைவும் இருக்கிறது. தூக்கம், ஞாபகம் என்ற இரண்டு வார்த்தையில் இதில் எதுவுமே இல்லை.

அடுத்த சிக்கல், நம் வார்த்தை வேறு, அந்தத் துறைக்காரர்கள் வார்த்தை வேறு. நாம் கண் விழிப்பது என்பதை அவர்கள் ‘ஸ்லீப் டெப்ரிவேஷன்’ என்பார்கள். மனசில் நிற்பது அவர்களுக்கு ‘மெமரி கன்சாலிடேஷன்’. இது எப்படித் தெரியும்? உங்கள் கேள்விக்கு ஓரளவு பொருந்துகிற ஒரே ஒரு கட்டுரையைப் பிடித்து, அதன் சுருக்கத்தையும் அதற்குக் கீழே உள்ள கீவேர்டுகளையும் பாருங்கள். அந்த வார்த்தைகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு மறுபடி தேடுங்கள். மருத்துவம் சார்ந்ததென்றால், பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தேடுதளம் இந்த வேலையில் பாதியைத் தானே செய்யும். ‘ஹார்ட் அட்டாக்’ என்று போட்டால் ‘மயோகார்டியல் இன்ஃபார்க்ஷன்’ என்பதையும் சேர்த்துத் தேடிவிடும், ஏனென்றால் அங்கே கட்டுரைகளுக்கு ஆட்களை வைத்தும் இயந்திரத்தை வைத்தும் ஒரே மாதிரியான தலைப்புச் சொற்கள் ஒட்டியிருக்கிறார்கள். ஸ்காலரை நம்பி அப்படி விட்டுவிட முடியாது. இரண்டு வார்த்தையையும் நீங்களே போட்டுப் பார்த்துவிட வேண்டும். சொற்றொடருக்கு இருபுறமும் மேற்கோள் குறி போட்டால் வருவது பல மடங்கு குறையும். இடப்பக்கம் வருஷ வாரியாக வடிகட்டும் வசதியும் இருக்கிறது. நிறையப் பேர் மேற்கோள் காட்டிய பழைய கட்டுரைகள்தான் மேலே மிதந்து வரும் என்பதால், அதைச் சொடுக்காமல் விட்டால் இருபது வருஷத்துக்கு முந்தைய உலகத்திலேயே நிற்பீர்கள்.

முதலில் கையில் எடுக்க வேண்டியது ரிவ்யூ கட்டுரை. ஒருவர் உங்களுக்காக நூறு இருநூறு கட்டுரைகளைப் படித்துவிட்டு, எங்கே ஒத்துப்போகிறார்கள், எங்கே சண்டை என்று எழுதி வைத்திருப்பார். அதிலிருந்து இரண்டு திசையில் நடக்கலாம். அதன் கடைசியில் உள்ள பட்டியல் உங்களைப் பின்னோக்கிக் கூட்டிப்போகும். ஸ்காலரில் அந்தக் கட்டுரைக்குக் கீழே ‘சைட்டட் பை’ என்று இருப்பதைத் தட்டினால், பிற்பாடு அதை எடுத்துக்காட்டிய கட்டுரைகளெல்லாம் வரும். அது முன்னோக்கிய வழி.

இந்த முன்னோக்கிய வழி நேற்று வந்ததல்ல. 1964-ல் யூஜீன் கார்ஃபீல்டு என்பவர் ‘சயின்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ்’ என்று அச்சில் வெளியிட ஆரம்பித்தார். நான் வேலைக்குச் சேர்ந்தபோது அந்தத் தொகுதிகள் ஒரு சுவர் முழுக்க இருந்தன. எழுத்து எறும்பு போல இருக்கும். மேஜை இழுப்பறையில் ஒரு பூதக்கண்ணாடியை நூல் கட்டி வைத்திருப்போம், யாரும் தூக்கிக்கொண்டு போய்விடாமல் இருக்க. அன்றைக்கு ஒரு மத்தியானம் முழுக்க ஆன வேலை, இன்றைக்கு உங்களுக்கு ஒரு சொடுக்கு. அதைச் செய்யச் சோம்பல்படுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும், மன்னியுங்கள்.

எப்போது நிறுத்துவது? புதிதாக எந்தக் கட்டுரையைத் திறந்தாலும் அதன் பட்டியலில் உள்ள பெயர்கள் எல்லாம் ஏற்கெனவே தெரிந்த முகங்களாக இருக்கும்போது.

கேள்வி: மேடம், எனக்கு வேண்டிய கட்டுரை எதுவானாலும் பணம் கட்டு என்கிறது. எங்கள் கல்லூரியில் அந்த ஆய்விதழுக்குச் சந்தா இல்லை. நண்பர்கள் ஒரு ‘குறுக்கு வழித்’ தளத்தைச் சொல்கிறார்கள்…
— பெயர் வேண்டாமே

பதில்: நான் நூலகர். அந்தத் தளத்தைப் பற்றி என்னிடம் கேட்டால் என்ன சொல்வேன் என்று தெரிந்துதானே பெயர் வேண்டாம் என்கிறீர்கள்!

நேர் வழிகளே நிறைய இருக்கின்றன. ஸ்காலரில் பல கட்டுரைகளுக்குக் கீழே ‘ஆல் வெர்ஷன்ஸ்’ என்று சின்னதாக இருக்கும். அதைத் தட்டினால், அதே கட்டுரையை ஆசிரியர் தன் பல்கலைக்கழகத் தளத்திலோ வேறெங்கோ போட்டு வைத்திருப்பது தெரியவரும். ‘அன்பேவால்’ என்று ஓர் இலவச இணைப்பை பிரவுசரில் சேர்த்துக்கொண்டால், சட்டப்படி இலவசமாகக் கிடைக்கும் பிரதி இருக்கும்போது பக்கத்தின் ஓரத்தில் பச்சை நிறத்தில் திறந்த பூட்டு ஒன்று தோன்றும். இயற்பியல், கணிதம், கணினி என்றால் ஆர்கைவ் தளத்தைப் பாருங்கள். 1991-ல் இயற்பியலில் தொடங்கி, அந்தத் துறைக்காரர்கள் அச்சுக்கு முந்தைய பிரதியை அங்கே போடுகிறார்கள். ஒன்று மட்டும் கவனம்: அச்சுக்கு முந்தைய பிரதி, மதிப்பாய்வு முடிந்து வந்த பிரதியிலிருந்து மாறியிருக்கலாம். எதைப் படித்தீர்களோ அதையே குறிப்பிடுங்கள்.

இதற்கெல்லாம் பிடிகொடுக்காவிட்டால் உங்கள் நூலகரிடம் போங்கள். வேறொரு நூலகத்திலிருந்து வரவழைத்துத் தர முடியும். அதுவும் இல்லையென்றால் ஆசிரியருக்கே எழுதுங்கள். ஆய்விதழில் கட்டுரை விற்றால் எழுதியவருக்குப் பைசா வராது. தன்னை ஒருவர் படிக்கிறார் என்பதுதான் அவருக்கு வரும்படி. பெரும்பாலான பதிப்பகங்கள் தனிப்பட்ட முறையில் பிரதி அனுப்ப அனுமதிக்கின்றன. பிள்ளைகளுக்கு எழுதக் கை நடுங்குகிறது என்பதால், நான் மேஜையில் ஒட்டி வைத்திருந்த மாதிரிக் கடிதத்தைத் தருகிறேன்:

“மதிப்புக்குரிய பேராசிரியருக்கு, நான் முதுகலை உளவியல் மாணவி. தூக்கமின்மை பற்றிய உங்கள் கட்டுரையின் சுருக்கத்தைப் படித்தேன். நீங்கள் நினைவாற்றலை எந்தச் சோதனையால் அளந்தீர்கள் என்பது என் ஆய்வுக்குத் தேவைப்படுகிறது. எங்கள் நூலகத்தில் அந்த இதழ் இல்லை. ஒரு பிரதி அனுப்ப முடியுமா? நன்றி.”

அவ்வளவுதான். “உலகப் புகழ்பெற்ற தங்கள் பொற்பாதங்களுக்கு” எல்லாம் வேண்டாம். கட்டுரையில் தொடர்புக்கென்று ஒரு ஆசிரியரின் மின்னஞ்சல் இருக்கும். பதினைந்து ஆசிரியர்களுக்கும் அனுப்பாமல் அவருக்கு மட்டும் அனுப்புங்கள்.

கேள்வி: ஏஐ-யிடம் கேட்டேன், பன்னிரண்டு கட்டுரைகளின் பட்டியல் தந்தது. ஆசிரியர், வருஷம், பக்கம் எல்லாம் கச்சிதம். நான்கை எங்கே தேடியும் காணோம். நான் தேடுவதில் தவறா?
— பொறியியல் மாணவர்

பதில்: தவறு உங்களுடையது அல்ல, தம்பி. அந்த நான்கும் பிறக்கவே இல்லை. 2023-ல் நியூயார்க்கில் இரண்டு வழக்கறிஞர்கள் இப்படித்தான் சாட்ஜிபிடி தந்த ஆறு தீர்ப்புகளை நீதிமன்றத்தில் ஆதாரமாகக் காட்டினார்கள், ஆறும் கற்பனை. 5,000 டாலர் அபராதம். கட்டுரையில் டிஓஐ எண் (ஒவ்வொரு கட்டுரைக்கும் தனியாகத் தரும் அடையாள எண்) இருந்தால் அதை டிஓஐ தளத்தில் போட்டுப் பாருங்கள். திறக்கிற பக்கத்தின் தலைப்பும் உங்களிடம் உள்ள தலைப்பும் ஒன்றா என்றும் பாருங்கள். சில சமயம் எண் நிஜமாக இருக்கும், கட்டுரை வேறாக இருக்கும். மீதி எட்டு கிடைத்துவிட்டதே என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். அவை இருக்கின்றன என்பது வேறு, ஏஐ சொன்னதைத்தான் அவையும் சொல்கின்றன என்பது வேறு.

கேள்வி: ஒரே கட்டுரையை மூன்று நாளாகப் படிக்கிறேன். முதல் வரியிலிருந்து அகராதி வைத்துக்கொண்டு வருகிறேன். நான்காம் பக்கத்தில் தலை சுற்றுகிறது. எனக்கு ஆராய்ச்சி சரிப்படாதோ?
— ஆய்வு மாணவி, முதலாண்டு

பதில்: முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை யாரும் அப்படிப் படிப்பதில்லை. உங்கள் கைடும்தான். அது நாவல் இல்லையே.

என் வழக்கம் இது. முதலில் தலைப்பும் சுருக்கமும். பிறகு முன்னுரையை அப்படியே தாண்டி அதன் கடைசிப் பத்திக்கு வாருங்கள். “இந்தக் கட்டுரையில் நாங்கள்…” என்று அங்கேதான் விஷயத்தைப் போட்டு உடைப்பார்கள். அடுத்து அட்டவணைகளும் படங்களும். அதற்கு விளக்கம் படிக்காமல், எண்களை மட்டும் பார்த்து இதிலிருந்து எனக்கு என்ன தோன்றுகிறது என்று பென்சிலால் ஓரத்தில் ஒரு வரி எழுதுங்கள். அப்புறம் ஆசிரியர்கள் என்ன சொல்கிறார்கள் என்று படியுங்கள். நீங்கள் எழுதியதும் அவர்கள் எழுதியதும் ஒத்துப்போகாத இடத்தில்தான் கட்டுரை உங்களுக்குப் புரிய ஆரம்பிக்கும். இதெல்லாம் முடிந்து, கட்டுரை உங்களுக்கு வேண்டியதுதான் என்று உறுதியான பிறகே ‘மெதட்ஸ்’, அதாவது ஆய்வை எப்படிச் செய்தார்கள் என்ற பகுதி. அது மட்டும் வரி விடாமல். யாரை வைத்துச் செய்தார்கள், எத்தனை பேர், எதனோடு ஒப்பிட்டார்கள், எதை வைத்து அளந்தார்கள், பாதியில் எத்தனை பேர் விலகினார்கள்?

அகராதி விஷயத்துக்கு வருகிறேன். உங்களைத் தடுக்கி விழ வைப்பது பெரிய பெரிய கலைச்சொற்கள் அல்ல. அவற்றுக்கு விக்கிப்பீடியா போதும். தெரிந்த மாதிரி இருக்கும் சின்னச் சொற்கள்தான் ஆபத்து. ‘சிக்னிஃபிகன்ட்’ என்றால் அகராதியில் ‘முக்கியமான’ என்று இருக்கும். இங்கே அர்த்தம் அதில்லை. இரண்டு குழுக்களுக்கும் நடுவில் நிஜத்தில் வித்தியாசமே இல்லை என்று வைத்துக்கொண்டால், இவ்வளவு பெரிய இடைவெளி தற்செயலாக வருவது அபூர்வம், வழக்கமாக நூற்றில் ஐந்து தடவைக்கும் குறைவு என்று அர்த்தம். ஒரு பேச்சுக்கு, குழுவுக்கு இருபதாயிரம் பேர் என்று இரண்டு குழுக்கள். சராசரி மதிப்பெண் 61.2, 61.7 என்று வைத்துக்கொள்ளுங்கள். இது தாராளமாக ‘சிக்னிஃபிகன்ட்’ ஆகலாம். ஆனால் அரை மார்க்! அரை மார்க்குக்காக யாராவது பாடத்திட்டத்தை மாற்றுவார்களா?

‘அசோசியேட்டட் வித்’ என்றால் இரண்டும் சேர்ந்து காணப்படுகின்றன என்பது மட்டுமே. ஒன்றால் மற்றது வந்தது என்று அவர்கள் சொல்லவில்லை. ‘ஆபத்து இரண்டு மடங்கு’ என்றிருந்தால் எதிலிருந்து இரண்டு மடங்கு என்று தேடுங்கள். பத்தாயிரத்தில் ஒருவர் இருவரானாலும் இரண்டு மடங்குதான், நூறு பேர் இருநூறு பேரானாலும் இரண்டு மடங்குதான்.

மூன்று நாள் ஆனதற்காக வருந்தாதீர்கள். நான்காம் பக்கத்தில் நின்றிருக்கிறீர்கள் அல்லவா, அதுதான் அநேகமாக மெதட்ஸ். இன்னும் இரண்டு நாள் அங்கேயே இருங்கள்.

கேள்வி: ஒரு கட்டுரையில் இன்னொரு பழைய கட்டுரையை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். பழையது கிடைக்கவில்லை. விஷயம்தான் தெரிந்துவிட்டதே, பழையதையே நேராக என் பட்டியலில் போட்டுக்கொள்ளலாமா?
— வணிகவியல் மாணவர்

பதில்: கூடாது. இதில் சூடு பட்டவள் நான். என் முதுகலை ஆய்வேட்டுக்கு வாய்மொழித் தேர்வு. தேர்வாளர் ஒரு பக்கத்தைத் திறந்து, “இந்தக் கட்டுரையை எங்கே படித்தீர்கள்?” என்றார். “எங்கள் நூலகத்தில், சார்.” “பதினேழாம் தொகுதியிலா?” “ஆமாம் சார்.” அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்தக் கட்டுரை இருப்பது பதினொன்றாம் தொகுதியில். யாரோ ஒருவர் எண்ணைத் தப்பாக அடித்திருக்கிறார், அவரைப் பார்த்து இன்னொருவர், அவரைப் பார்த்து நான். தேர்வாளர் கத்தவில்லை. கத்தியிருக்கலாம் என்று இன்றைக்கும் தோன்றும்.

பிற்பாடு 2003-ல் இரண்டு ஆய்வாளர்கள் இந்தத் திருட்டுத்தனத்தையே அளக்க ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஒரே அச்சுப்பிழை எத்தனை பட்டியல்களில் அப்படியே திரும்பத் திரும்ப வருகிறது என்று எண்ணினார்கள். அதை வைத்து அவர்கள் போட்ட மதிப்பீடு: மேற்கோள் காட்டுகிறவர்களில் மூலத்தைப் படிப்பவர்கள் சுமார் 20 சதவீதம்தான். படித்ததும் எனக்கு ஒரு அற்பத் திருப்தி. நான் மட்டும் இல்லை!

ஆனால் எல்லாச் சமயமும் இது தொகுதி எண்ணோடு முடிவதில்லை. 1980 ஜனவரியில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் ஆசிரியருக்கு ஒரு கடிதம் வந்தது. கடிதம்தான், ஆய்வுக்கட்டுரை கூட இல்லை. மொத்தமே ஐந்து வாக்கியம். மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு ஓபியாய்டு வகை வலி மருந்து பெற்ற 11,882 நோயாளிகளின் பதிவுகளில், அடிமையானவர்கள் என்று ஓரளவு ஆதாரத்தோடு சொல்லக்கூடியவர்கள் நான்கே பேர் என்றது கடிதம். மருத்துவமனைக்குள், கண்காணிப்பில் இருந்தவர்கள். வீட்டுக்கு எடுத்துப்போய் மாதக்கணக்கில் விழுங்கியவர்களைப் பற்றி அதில் ஒரு சொல் கிடையாது. 2017-ல் அதே இதழில் ஒரு கணக்கு வந்தது. அந்தக் கடிதத்தை 608 கட்டுரைகளும் நூல்களும் மேற்கோள் காட்டியிருந்தன. அவற்றில் 439, ‘இந்த மருந்துகளால் அடிமையாவது அபூர்வம்’ என்பதற்கு ஆதாரமாகவே அதைக் காட்டியிருந்தன. அவர்கள் மருத்துவமனை நோயாளிகள் என்ற விவரத்தை 491 சொல்லவே இல்லை. வட அமெரிக்காவில் ஓபியாய்டு நெருக்கடி வளர்ந்ததில் இந்த மேற்கோளுக்கும் பங்குண்டு என்று அந்தக் கணக்கைப் போட்டவர்களே எழுதினார்கள். ஐந்து வாக்கியத்தைப் படிக்க எவ்வளவு நேரமாகும் சொல்லுங்கள்?

உங்களுக்கு வழி இருக்கிறது, தம்பி. மூலம் கிடைக்கவே இல்லையென்றால், ‘இன்னார் சொன்னதாக இன்னார் எழுதியிருக்கிறார்’ என்று இரண்டு பெயரையும் வெளிப்படையாகப் போடலாம். பெரும்பாலான மேற்கோள் முறைகளில் அதற்கு இடம் உண்டு.

கேள்வி: ஆய்விதழ் போலியா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பியர் ரிவ்யூ (துறை வல்லுநர்களின் மதிப்பாய்வு) ஆனது என்று போட்டிருந்தால் நம்பலாமா?
— இரண்டு மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள்

பதில்: போட்டுக்கொள்ள யாருக்கும் காசு செலவாகாது. 2013-ல் ஜான் போஹனன் என்ற செய்தியாளர், வேண்டுமென்றே ஓட்டைகள் வைத்த ஒரு பொய்க் கட்டுரையை யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய 304 திறந்த அணுக்க ஆய்விதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. அதற்காக இலவசமாகப் படிக்கக் கிடைப்பதெல்லாம் போலி என்று கிளம்பிவிடாதீர்கள். நல்ல இதழ்கள் பல இருக்கின்றன, டிஓஏஜே என்ற திறந்த அணுக்க ஆய்விதழ்களின் பட்டியலில் இதழின் பெயரைப் போட்டுப் பார்க்கலாம். ஆசிரியர் குழுவில் உள்ள இரண்டு பேரின் சொந்தப் பக்கத்துக்குப் போய், அவர்கள் இந்த இதழைக் குறிப்பிட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். உங்கள் பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ போட்டு, இரண்டு நாளில் வெளியிடுகிறோம் என்று மின்னஞ்சல் வந்தால் அழித்துவிடுங்கள்.

பெரிய இதழ் என்பதும் கவசம் அல்ல. குழந்தைகளுக்குத் தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா வராமல் போடும் எம்எம்ஆர் தடுப்பூசியை ஆட்டிசத்தோடு முடிச்சுப் போட வைத்த 1998-ஆம் வருஷக் கட்டுரை ‘லான்செட்’டில்தான் வந்தது. பன்னிரண்டு குழந்தைகளை வைத்து எழுதியது. இதழ் அதை முழுமையாகத் திரும்பப் பெற 2010 ஆயிற்று. உங்கள் லேப்டாப்பில் என்றைக்கோ இறக்கி வைத்த பிடிஎஃப்பில் ‘திரும்பப் பெறப்பட்டது’ என்ற முத்திரை தானாக வந்து விழாது. எழுதி முடிக்கும் முன் இதழின் தளத்தில் ஒரு முறையும், ‘ரிட்ராக்ஷன் வாட்ச்’ தரவுத்தளத்தில் ஒரு முறையும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: ஒரு நாளைக்கு எத்தனை கட்டுரை படிக்க வேண்டும்?
— அவசரக்காரன்

பதில்: சுருக்கம் என்றால் முப்பது. முழுதாக என்றால் ஒன்றே அதிகம்.

கேள்வி: அம்மா, மூன்று மாதம் முன்பு நீங்கள் தனிக்கடிதத்தில் சொன்னபடி ஒரு பேராசிரியருக்கு எழுதினேன். இரண்டே நாளில் பதில் வந்துவிட்டது! கட்டுரையோடு, தான் சேகரித்த தரவு முழுவதையும் எக்ஸெல் ஃபைலாக அனுப்பியிருக்கிறார். சந்தோஷத்தை விடப் பயமே அதிகம். இதை வைத்து நான் என்ன செய்ய?
— அதே உளவியல் துறையிலிருந்து இன்னொரு மாணவி

பதில்: முதலில் இன்றைக்கே ஒரு வரி நன்றி எழுதுங்கள். பிறகு மூல ஃபைலைத் தொடாமல் ஒரு நகல் எடுத்துக்கொண்டு, அதில் வரிசைகளை எண்ணுங்கள். கட்டுரையில் 64 பேர் என்றிருந்து ஃபைலில் 61 இருந்தால், அந்த மூன்று பேர் எங்கே போனார்கள் என்று மெதட்ஸில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதியிருந்தால் முதல் அட்டவணையில் உள்ள சராசரியை நீங்களே ஒரு முறை போட்டுப் பாருங்கள். எழுதியிருக்கவில்லையென்றால், அவருக்கு அடுத்து என்ன எழுதுவது என்ற கவலை உங்களுக்கு இல்லை.